தூண்டில்காரரின் நோட்டுப் புத்தகம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஓய்வு நாளில் மனம் நிறைவது தோட்டத்திலா, தூண்டிலிலா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் தம் மொட்டை மாடிப் பந்தலில் புடலை காய்த்த கதையைச் சொன்னபோது அந்தப் பந்தலடியில் போய் உட்கார எனக்கும் ஆசை வந்தது. ஆனால் முடிக்கும்போது, "வேட்டையைச் சட்டம் தடுத்துவிட்டது, தூண்டில் அதன் மிச்சம்" என்றாரே, அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார முடியாது.

முள் குத்தினால் மீனுக்கு வலிக்காது என்று வாதாட நான் வரவில்லை. 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் சுட்ட குண்டு திரும்பாது. சிக்கிய மீனோ திரும்பும். மீன் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் முள்ளின் எதிர்க்கொக்கியை முதலிலேயே குறட்டால் நசுக்கிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, ஓடும் நீரை நோக்கித் தலையைத் திருப்பிவைத்தால் அது மூச்சு வாங்கிக்கொண்டு போய்விடும்.

காவிரியில் கூன்முதுகு மகசீர் என்றொரு மீன். காவிரியையும் அதன் துணையாறுகளையும் விட்டால் அதற்கு உலகில் வேறு வீடு கிடையாது. 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒன்று ஏறத்தாழ 54 கிலோ! கர்நாடகத்தில் காளிபோரே என்ற இடத்தில் மகசீரைப் பிடித்தவர்கள், எடையைக் குறித்துக்கொண்டு மீனை ஆற்றிலேயே விட்டார்கள். 1998 முதல் 2012 வரை சேர்ந்த அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் புரட்டினார்கள். கூன்முதுகு மகசீர் ஆண்டுக்கு ஆண்டு அருகிவந்ததும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேறொரு மகசீர் பெருகியதும் அப்போதுதான் தெரிந்தது. அழிவின் விளிம்பில் நிற்கும் மீன் என்று உலகப் பட்டியலில் அது ஏறியது 2018-இல். ஒழுங்கான அறிவியல் பெயர் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். பெயர்கூட இல்லாத மீனுக்குக் கணக்கு வைத்திருந்தவர்கள் யார்? தூண்டில்காரர்கள், ஐயா!

தோட்டத்தில் எதை நட்டோம் என்பது நமக்குத் தெரியும். ஏரியில் எதுவும் நம் கையில் இல்லை. ஒரு மணி நேரம் தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் தண்ணீர் நிறம் மாறியதும் சாக்கடை கலந்ததும் முதலில் கண்ணில் படும்.

என் அப்பாவின் தூண்டில் ஒரு மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை. கொட்டாங்கச்சியில் மண்புழு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் எங்கள் ஏரியின் ஓரத்தில் தண்ணீர் செக்கச்செவேல் என்று கொப்பளித்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்நேரத்தில் முள்ளைப் போட்டால், குஞ்சுகளைத் தின்ன வந்த பகை என்று பாய்ந்து கவ்வும். அதைவிட எளிதாக விரால் கிடைக்காது. பெற்றவை போய்விட்டால் குஞ்சுகள் கொக்குக்கும் மற்ற மீன்களுக்கும் இரை.

அப்பா நரம்பைச் சுற்றினார். "காவலுக்கு நிற்பதை எடுக்கக் கூடாது" என்றார். கொட்டாங்கச்சிப் புழுவைக் கரை மண்ணில் கொட்டினார். செம்மை கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெறுங்கையோடு வீடு திரும்பினோம்.

எதிரணித் தலைவர் வேட்டையின் மிச்சம் என்று சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான், நடுவர் அவர்களே. அந்தச் சொல்லை அவர் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.