விடை எல்லாம் 'ம': ஒரே எழுத்து வினாடி வினாவை அமைப்பது எப்படி?

[திரை: கறுப்புப் பின்னணி. நடுவில் 'ம' என்ற எழுத்து மட்டும், பெரிதாக.]

கொசு பரப்பும் நோய் ஒன்றைச் சொல்லுங்கள். பெயர் 'ம'-வில் தொடங்க வேண்டும்.

[ஐந்து விநாடி. ஓரத்தில் கடிகாரம் ஓடுகிறது.]

மலேரியா என்றீர்களா? சரி. மஞ்சள் காய்ச்சல் என்றீர்களா? அதுவும் சரி. ஆனால் கேள்வி கேட்டவர் கையில் இருக்கும் தாளில் ஒரு விடைதான் இருக்கும். மற்ற விடையைச் சொன்னவருக்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்ற சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

எல்லா விடையும் ஒரே எழுத்தில் தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்தும் பொது அறிவுச் சுற்றில், ஒவ்வொரு கேள்வியோடும் ஒரு துப்பு இலவசமாகப் போய்விடுகிறது. அந்தத் துப்பு எவ்வளவு வேலை செய்யும் என்று கணக்குப் போட்டுத்தான் கேள்வி எழுத வேண்டும். போடாவிட்டால் கேள்வி பச்சைக் குழந்தைக்கும் தெரிந்ததாகிவிடும், இல்லையேல் இப்படி இரண்டு விடையோடு நிற்கும்.

[திரை: ம மா மி மீ மு மூ மெ மே மை மொ மோ மௌ]

முதலில் 'எழுத்து' என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் எழுத்து 247. திரையில் இருக்கும் பன்னிரண்டும் பன்னிரண்டு தனி எழுத்துகள். அப்படியானால் மாஸ்கோ 'ம'-வில் தொடங்கும் ஊரா? இலக்கணப்படி அது 'மா'. ஆனால் விளையாட உட்காருபவர்களில் பாதிப் பேர் அதையும் 'ம' என்றே எடுத்துக்கொள்வார்கள். யார் மீதும் தப்பில்லை. விதியைச் சொல்லாததுதான் தப்பு. 'ம மட்டும்' அல்லது 'ம வரிசை முழுவதும்', இரண்டில் ஒன்றை முதல் கேள்விக்கு முன்பே எழுதிக் காட்டுங்கள். வாயால் சொல்லிவிட்டு விட்டால் மூன்றாவது கேள்விக்குள் மறந்துபோகும்.

சிறு பிள்ளைகளுக்கு வரிசை முழுவதும் நல்லது, சொற்கள் ஏராளமாகக் கிடைக்கும். பெரியவர்களுக்குத் தனி எழுத்துதான் சுவை. துப்பு கூர்மையாக இருப்பதால், சாதாரணமாகக் கேட்க முடியாத கடினமான கேள்வியைக்கூடத் துணிந்து கேட்கலாம். இந்த வீடியோவில் இனி 'ம' என்றால் ம மட்டும்தான்.

எந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பது? சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் என்று நன்னூல் ஒப்புக்கொள்வது 12 உயிரையும், க ச த ந ப ம வ ய ஞ ங என்ற 10 மெய்யின் மேல் ஏறிய உயிர்மெய்களையும்தான். இதில் ங-வை மறந்துவிடலாம். ஞ-வில் ஞாயிறு, ஞாபகம், ஞானம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். ட, ர, ல மூன்றிலும் கிடைப்பவை பெரும்பாலும் கடன் சொற்கள். அவற்றில் ர, ல இரண்டுக்கும் முன்னால் 'இ' வந்து உட்காரும் வழக்கம் வேறு உண்டு. ரஷ்யாவா இரஷ்யாவா, லண்டனா இலண்டனா என்று கேட்டால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். ச-வில் ஸ, ஷ, ஜ மூன்றும் வந்து மோதும். சகாராவும் ஸஹாராவும் ஒரே பாலைவனம்தான், எழுத்து வேறு.

நிம்மதியாகச் சுற்று அமைக்க ஏற்றவை க, த, ப, ம. இவற்றில் க, த, ப மூன்றுக்கும் ஒரு கூடுதல் வசதி: வல்லின ஒலி, மெல்லிய ஒலி இரண்டையும் அதே எழுத்தே சுமக்கிறது. பனாமாவும் பஹாமாஸும் பிற மொழிகளில் வேறு வேறு ஒலியோடு தொடங்கினாலும், தமிழில் இரண்டுக்கும் 'ப'-தான்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் தயாராக இருக்கும் சுற்றை மொழிபெயர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே 'எம்' எழுத்தின் கீழ் ஒன்றாக நிற்கும் நான்கு விடைகள் தமிழுக்கு வந்ததும் புதன், செவ்வாய், நிலா, மாஸ்கோ என்று நாலா திசையிலும் சிதறிவிடும். தமிழ்ச் சுற்றைத் தமிழில்தான் தொடங்க வேண்டும்.

[திரை: வெள்ளைத் தாள். இடப்பக்கம் விடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுகின்றன. வலப்பக்கம் காலி.]

வேலையை எப்போதும் விடையிலிருந்து தொடங்குங்கள். பத்துக் கேள்வி வேண்டுமென்றால் 25 விடைகளாவது சேருங்கள். பாதிக்கு மேல் அடிபட்டுப் போகும். நாடு, உறுப்பு, உயிரினம், நோய், கனிமம், நிலவியல் என்று பல துறையிலிருந்து எடுங்கள். ஒரே துறையை மீண்டும் மீண்டும் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடுகளையே பார்ப்போம்.

ஐ.நா. உறுப்பு நாடுகள் 193. 'ம' மட்டும் என்று சொன்னவுடன் மிஞ்சுபவை மங்கோலியா, மடகாஸ்கர், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, மலாவி, மலேசியா. மால்டோவாவை 'மல்தோவா' என்று எழுதுபவர்களுக்கு ஆறு. 'எந்த நாடு' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்த நொடியிலேயே 193 ஐந்தாகிவிட்டது. ஒன்றுமே தெரியாதவர் குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரு நாட்டுக் கேள்வி போதும்.

அந்த ஒன்றையும் அசட்டையாக எழுதக்கூடாது. 'கடற்கரையே இல்லாத நாடு எது?' என்று கேட்டால் மங்கோலியா, மலாவி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு மூன்றுமே சரி. ஐந்தில் மூன்று! 'ரஷ்யா, சீனா என்ற இரண்டே நாடுகளோடு மட்டும் எல்லை கொண்ட நாடு எது?' என்று மாற்றினால் மங்கோலியா மட்டும் நிற்கும். வடக்கே ரஷ்யா, தெற்கே சீனா. மலாவிக்கு அண்டை நாடு மூன்று, மலேசியாவுக்கும் தரைவழியே மூன்று, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கு அதைவிட அதிகம். மடகாஸ்கர் தீவு. ஐந்தையும் இப்படி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியைத் தாளில் ஏற்ற வேண்டும்.

[திரை: 'கொசு பரப்பும் நோய் எது?' என்ற கேள்வி. அதன் மேல் சிவப்புக் கோடு விழுகிறது.]

இப்போது கொசுவுக்குத் திரும்புவோம். விடை மலேரியா என்று வைத்துக்கொண்டு கேள்வியைச் செதுக்குவோம்.

முதல் திருத்தம்: 'அனோபிலிஸ் கொசு பரப்பும் நோய் எது?' மஞ்சள் காய்ச்சல் வெளியே போய்விட்டது, அதைப் பரப்புவதில் முக்கியமானது ஏடிஸ் கொசு. ஆனால் சில பகுதிகளில் யானைக்கால் நோயையும் அனோபிலிஸ் பரப்புகிறது. 'ம' என்ற எழுத்து அதைத் தடுத்துவிடும், உண்மைதான். இருந்தாலும் எழுத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திய கேள்வி நல்ல கேள்வி ஆகாது. எழுத்தை மறைத்துவிட்டுப் படித்தாலும் ஒரே விடைதான் வர வேண்டும். எங்கள் கணக்கில் இதுதான் முதல் சோதனை.

இரண்டாவது: 'பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய் எது?' பிழையே இல்லை. ஆனால் பெயர் தெரிந்தவர் உடனே சொல்வார், தெரியாதவருக்கு யோசிக்க எந்தப் பிடியும் இல்லை.

மூன்றாவது: 'கெட்ட காற்று என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து பெயர் பெற்ற நோய் இது. இதன் ஒட்டுண்ணியை 1897-ல் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பையில் கண்டார். எந்த நோய்?' இதில் இரண்டு கைப்பிடி இருக்கிறது. ஒன்று தெரியாவிட்டாலும் மற்றதைப் பிடித்து, 'ம'-வையும் சேர்த்து ஏறிவிடலாம். விடை வந்த பிறகு சொல்வதற்கும் விஷயம் இருக்கிறது: அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் 1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து எழுத்துக்கூட்டல். மாரத்தான் ஓட்டம் 42.195 கிலோமீட்டர், அருமையான கேள்வி வரும். ஆனால் 'மராத்தான்' என்றும் எழுதுகிறார்கள். மக்னீசியம், மெக்னீசியம் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டு விதமாக எழுதப்படும் எந்தச் சொல்லையும் இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள், எவ்வளவு நல்ல கேள்வியாக இருந்தாலும். ஆட்களின் பெயரிலும் இதே தொல்லை: ஐசக் நியூட்டன் 'ஐ'-யா, 'நி'-யா? பெயர் விடைகள் வேண்டுமென்றால் 'முழுப் பெயரின் முதல் எழுத்து' என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கணினியில் விடைப் பட்டியலைச் சரிபார்ப்பவர்களுக்கு ஒன்று. விரிதாளில் 'முதல் எழுத்தை மட்டும் எடு' என்று சூத்திரம் போட்டால் மலேரியா, மாஸ்கோ, மியான்மர் மூன்றுக்கும் 'ம' என்றே காட்டும். யூனிகோடில் 'மா' என்பது 'ம' ஒரு குறியீடு, துணைக்கால் இன்னொரு குறியீடு என இரண்டாகப் பதிவாவதுதான் காரணம். சூத்திரம் முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. தனி எழுத்து விதியில் ஆடுபவர்கள் பட்டியலைக் கண்ணால் ஒருமுறை படித்தே தீர வேண்டும்.

பழைய கேள்விகளை எடுத்து ஆளும்போது தேதியையும் பாருங்கள். கஜகஸ்தானின் தலைநகர் 2019-ல் நூர்-சுல்தான் என்று பெயர் மாறி, 2022-ல் மீண்டும் அஸ்தானா ஆனது. அந்த இடைப்பட்ட காலத்தில் 'அ' சுற்றில் அஸ்தானா பிழை, இன்று 'ந' வரிசைச் சுற்றில் நூர்-சுல்தான் பிழை.

[திரை: மீண்டும் 'ம'. கீழே சிறியதாக: 'ம மட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 10 விநாடி.']

இனி ஆடுவோம். ஆறு கேள்விகள். முதலாவது மிக எளிது, வேண்டுமென்றே அப்படி வைத்தது. முதல் விடையைச் சொல்லிப் பார்க்கும்போதுதான் விதி மனதில் பதியும்.

ஒன்று. தேனீயின் உடலில் ஒட்டிக்கொண்டு பூவிலிருந்து பூவுக்குப் போகும் தூள் எது?

[10 விநாடி]

மகரந்தம். 'சேர்க்கை' என்ற சொல்லைக் கேள்வியில் வரவிடவில்லை, கவனித்தீர்களா? அந்தச் சொல்லோடு ஒட்டியே பழகிய விடை இது. அது வந்தால் விடை தானாக நாக்கில் வந்து நிற்கும்.

இரண்டு. வயிற்றின் இடப்பக்கம், விலா எலும்புகளுக்கு உள்ளே இருக்கும் உறுப்பு. கிழடுதட்டிய சிவப்பணுக்களை இரத்தத்திலிருந்து வடித்து எடுப்பது இதன் வேலை. அறுவை செய்து நீக்கினாலும் மனிதர் உயிர் வாழலாம்.

[10 விநாடி]

மண்ணீரல். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் ஓடியாடிவிட்டு இங்கே வந்து சேர்கிறது. மண்ணீரலை இழந்தவர்களுக்குச் சில நோய்த்தொற்றுகள் எளிதில் வரும், ஆகவே தடுப்பூசி முக்கியம்.

மூன்று. நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியே மூச்சு. டார்வின் 1881-ல் வெளியிட்ட தம் கடைசி அறிவியல் நூலை இந்த உயிரினத்துக்கே ஒதுக்கினார்.

[10 விநாடி]

மண்புழு. தோல் காய்ந்தால் ஆக்சிஜன் உள்ளே போகாது, மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

நான்கு. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் 'டிரியெஸ்டே' என்ற ஆழ்கடல் கலத்தில் இறங்கிய இடம் எது? எவரெஸ்ட் சிகரத்தை இங்கே தூக்கி வைத்தாலும், அதன் உச்சிக்கு மேல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும்.

[10 விநாடி]

மரியானா அகழி. மேற்குப் பசிபிக்கில், குவாம் தீவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிக ஆழமான புள்ளி சுமார் 10.9 கிலோமீட்டர். அங்கே நீரின் அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல்.

ஐந்து. பெரில் என்ற கனிமத்தில் துளி குரோமியமோ வனேடியமோ கலந்து பச்சை ஏறினால் அது எந்த இரத்தினம்?

[10 விநாடி]

மரகதம். எழுத்து இல்லாமல் கேட்டால் 'எமரால்டு' என்ற பதிலும் செல்லும். 'ம' என்று திரையில் இருப்பதால் ஆடுபவர் தாமாகவே தமிழ்ப் பெயரைத் தேடிப் போகிறார். துப்பு இங்கே விடையைக் காட்டிக்கொடுக்கவில்லை, விடையின் வடிவத்தை மட்டும் தீர்மானிக்கிறது. எழுத்து இப்படிப் பயன்படும் கேள்வி கிடைத்தால் விடாதீர்கள்.

ஆறு, கடைசி. டிசம்பர் 21 அல்லது 22 அன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது எந்தக் கற்பனைக் கோட்டின் மேல்?

[10 விநாடி. 'ம' மெல்ல மறைந்து, உலக வரைபடத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஒரு கோடு ஒளிர்கிறது.]

மகர ரேகை. தெற்கே சுமார் 23 பாகை 26 கலை. பெயர் வைத்த காலத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, அந்த நாளில் சூரியன் மகர விண்மீன் கூட்டத்தின் திசையில் இருந்தது. புவியின் அச்சு மெதுவாகத் தலையசைப்பதால் இன்று அதே நாளில் சூரியன் நிற்பது தனுசு விண்மீன் கூட்டத்தின் திசையில். கோட்டின் பெயர் மட்டும் மாறவில்லை.