தொடர் கொலையாளியைப் பிடிக்க ஏன் ஏழு வருடம் ஆனது? டொராண்டோ வழக்கும் குற்றவியலும்

[திரையில்: டொராண்டோ வரைபடம். சர்ச் தெருவும் வெல்லஸ்லி தெருவும் சந்திக்கும் இடம் வட்டமிடப்படுகிறது.]

2010 செப்டம்பரில் டொராண்டோவில் நாற்பது வயதுத் தமிழர் ஒருவர் காணாமல் போனார். இலங்கையிலிருந்து போய் அங்கே குடியேறியவர். வீட்டில் அப்போதுதான் கொண்டுவந்த நாய்க்குட்டி இருந்தது, அதைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை என்று நண்பர்கள் அடித்துச் சொன்னார்கள். டிசம்பரில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒருவர் காணாமல் போனார். 2012 அக்டோபரில் இன்னொரு ஆப்கானியர். மூன்று பேரும் பழுப்பு நிறத் தோல், தாடி, நடுத்தர வயது. மூன்று பேருமே சர்ச்-வெல்லஸ்லி பகுதிக்கு, அதாவது அந்த ஊர்க்காரர்கள் 'வில்லேஜ்' என்று சொல்கிற, தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற பகுதிக்கு வந்துபோனவர்கள்.

புரூஸ் மெக்ஆர்தர் 2018 ஜனவரி 18 அன்று கைதானான். அதற்குள் எட்டுப் பேரைக் கொன்றிருந்தான்.

கொன்றவர்களின் உடல்களை அவன் என்ன செய்தான், எப்படிக் கொன்றான் என்ற விவரம் இந்த வீடியோவில் வராது. இறந்தவர்களின் பெயர்களையும் சொல்லப் போவதில்லை, அவர்களில் சிலர் தங்கள் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் குடும்பத்திடம்கூடச் சொல்லாதவர்கள். எனக்கு இருக்கிற கேள்வி ஒன்றுதான். ஒரே ஊர், ஒரே போலீஸ், கிட்டத்தட்ட ஒரே தெரு. எப்படி ஏழு வருடம்?

[திரையில்: தொடர் கொலை / கூட்டுக் கொலை]

முதலில் அடிப்படை. தொடர் கொலை என்பது ஒரே ஆள், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களை, தனித்தனிச் சம்பவங்களில் கொல்வது. 2005இல் சான் அன்டோனியோவில் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கூட்டிய மாநாட்டில் வந்த வரையறை இது, முன்பெல்லாம் மூன்று பேர் என்று கணக்கு வைத்திருந்தார்கள். கூட்டுக் கொலை என்பது ஒரே சம்பவத்தில் பலரைக் கொல்வது, வழக்கமாக நான்கு பேர் அல்லது அதற்கு மேல்.

இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு பிரச்சினை. அதே டொராண்டோவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 23 அன்று யங் தெருவில் ஒருவன் வாடகை வேனை நடைபாதையில் ஏற்றிப் பத்துப் பேரைக் கொன்றான், படுகாயத்தோடு இருந்த ஒருவர் 2021இல் இறந்தார். அவன் சில நிமிடங்களிலேயே பிடிபட்டான். தாக்குதலுக்குச் சற்று முன்பு ஃபேஸ்புக்கில் பதிவும் போட்டிருந்தான். கூட்டுக் கொலை செய்பவன் உலகம் பார்க்க வேண்டும் என்று செய்கிறான், பல நேரங்களில் முன்கூட்டியே எங்காவது உளறியும் விடுகிறான். அதனால் அங்கே ஆராய்ச்சி எல்லாம், அந்த உளறலை யார் கேட்டார்கள், கேட்டவர் யாரிடம் சொன்னார் என்பதைச் சுற்றித்தான். அந்த வழக்கின் நீதிபதி ஆன் மொலோய், புகழுக்காகச் செய்தவனுக்குப் புகழ் தர மாட்டேன் என்று தீர்ப்பில் அவன் பெயரையே எழுதாமல், பெயர் சொல்லாத ஆளுக்கு வைக்கிற பொதுப் பெயரான 'ஜான் டோ' என்றே குறிப்பிட்டார்.

தொடர் கொலையாளிக்கு வேண்டியது நேர் எதிரானது. யாரும் பார்க்கக் கூடாது. ஒருவர் காணாமல் போனதே தெரியக் கூடாது.

[திரையில்: பழைய ஒலிநாடா, கோப்புகள்]

அப்புறம் இந்த 'மேதைக் கொலையாளி' கதை. 1970களின் கடைசியில் எஃப்பிஐ ஆட்கள் சிறைகளுக்குப் போய் 36 கொலையாளிகளைப் பேட்டி எடுத்தார்கள். அதிலிருந்துதான் 'ஒழுங்கமைந்த கொலையாளி', 'ஒழுங்கற்ற கொலையாளி', அதாவது திட்டம் போட்டுக் கொல்பவன், திட்டமில்லாமல் கொல்பவன் என்ற பிரிவு பரவியது. அந்த முயற்சியை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் அந்த 36 பேரும் பிடிபட்டவர்கள், பேச ஒப்புக்கொண்டவர்கள், பேச்சில் தங்களைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளக் காரணம் இருந்தவர்கள். பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் கேன்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் நூறு அமெரிக்கத் தொடர் கொலையாளிகளின் குற்றங்களை எடுத்துச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். குற்றங்கள் அப்படி இரண்டு வகையாகப் பிரியவில்லை. ஆனாலும் இன்றைக்கும் யூடியூபில் எந்த வீடியோவைத் திறந்தாலும் கொலையாளியின் குழந்தைப் பருவம், கொலையாளியின் கண்கள், கொலையாளியின் மூளை. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் இருக்கிறது, ஏனென்றால் இப்படிப் பார்க்கும்போது கொல்லப்பட்டவர்கள் வெறும் எண்ணிக்கையாகி விடுகிறார்கள், கோட்டைவிட்ட அமைப்புகள் திரையிலேயே வருவதில்லை.

மெக்ஆர்தர் மேதை இல்லை. கைதானபோது வயது 66. தோட்டம் அமைக்கிற வேலை. வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர். கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு மாலில் சான்டா வேடம் போட்டு உட்கார்ந்தவன். அவன் ஊர் ஊராக அலையவும் இல்லை. வாழ்ந்த இடம், வேலை செய்த இடம், பழகிய இடம் எல்லாம் ஒரே நகருக்குள். மேலரி கிரெசன்ட் என்ற தெருவில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் தன் கருவிகளை வைத்திருந்தான், அந்த வீட்டின் பெரிய பூந்தொட்டிகளில்தான் ஏழு பேரின் உடல் எச்சங்கள் கிடைத்தன, எட்டாமவருடையவை வீட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில். தனக்குப் பழகிய வட்டத்துக்குள்ளேயே செயல்படுவது தொடர் கொலையாளிகளில் பெரும்பாலானோருக்குப் பொதுவானது.

[திரையில்: மூன்று வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன]

சரி, மேதை இல்லை என்றால் எப்படித் தப்பித்தான்? 1979இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு கோட்பாட்டைச் சொன்னார்கள். ஒரு குற்றம் நடக்க மூன்று விஷயம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர வேண்டும்: செய்ய நினைக்கிற ஆள், வசமாக அகப்படுகிற ஆள், தடுக்கக்கூடிய காவல் இல்லாத நிலை. நாம் முதல் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். டொராண்டோ வழக்கில் விஷயம் முழுக்க மூன்றாவதில் இருக்கிறது.

ஸ்டீவன் எக்கர் என்ற குற்றவியலாளர் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னவர். தொடர் கொலையாளிகள் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருந்தபோதே சமூகம் கண்டுகொள்ளாதவர்கள்: பாலியல் தொழிலாளிகள், வீடற்றவர்கள், குடியேறிகள், வீட்டை விட்டு ஓடியவர்கள். அவர்கள் செத்தாலும் பாதிதான் செத்ததுபோல நடத்தப்படுகிறார்கள். அவர்களுக்கு 'லெஸ் டெட்', அதாவது 'குறைவாக இறந்தவர்கள்' என்று பெயர் வைத்தார். கேட்கக் கொடூரமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கொடூரம் அவர் உண்டாக்கியது இல்லை.

இப்போது அந்த எட்டுப் பேரில் ஐந்தாமவரைப் பாருங்கள். ஈழத் தமிழர், வயது 37. 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரைக்கு வந்து இறங்கினார்களே, அந்தக் கப்பலில் வந்தவர். போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வந்தவர்களை உடனே தடுப்புக்காவலில் வைத்தார்கள். அவருடைய புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. எந்த நேரமும் நாடு கடத்தப்படலாம் என்ற நிலையில் அவர் டொராண்டோவில் வாழ்ந்தார். 2016 ஜனவரி வாக்கில் கொல்லப்பட்டார்.

அவரைக் காணவில்லை என்று யாருமே போலீசில் புகார் கொடுக்கவில்லை.

குடும்பத்துக்கு அக்கறை இல்லையா? அப்படி இல்லை. நாடு கடத்தல் பயத்தில் இருக்கிற பிள்ளை போன் பண்ணவில்லை என்றால், எங்கோ ஒளிந்திருக்கிறான், நாம் கிளறினால் அவனுக்குத்தான் ஆபத்து என்றுதான் இலங்கையில் இருக்கிற குடும்பம் நினைக்கும். அப்படித்தான் நினைத்தார்கள். போலீஸ் நிலையத்துக்குப் போனாலே ஒருவரைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும் என்ற நிலையை ஒரு குடியேற்ற முறை உண்டாக்கி வைத்திருந்தால், அந்த முறையே கொலையாளிக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்கிறது. 2018 மார்ச்சில் போலீஸ் வேறு வழியில்லாமல், இறந்த நிலையில் இருந்த அவருடைய முகத்தின் படத்தையே வெளியிட்டு, இவர் யார் என்று உலகத்தைக் கேட்டது. ஏப்ரலில்தான் அடையாளம் தெரிந்தது.

எட்டுப் பேரில் இன்னொருவரும் அப்படித்தான். வீடில்லாமல் தங்குமிடங்களில் இருந்தவர், அவரையும் காணவில்லை என்று புகார் இல்லை.

[திரையில்: காலக்கோடு, 2001 முதல் 2018 வரை]

அவன் போலீஸ் கண்ணில் படாதவனா என்றால், அதுவும் இல்லை. 2001இல் வில்லேஜைச் சேர்ந்த ஒருவரை இரும்புக் குழாயால் தாக்கினான். 2003இல் தண்டனை வந்தது, சிறைக்குப் போகாமலே அனுபவிக்கிற தண்டனை. 2014இல் அந்தக் குற்றப் பதிவுக்கு மன்னிப்பும் கிடைத்தது.

2012 நவம்பரில், முதல் மூன்று பேரைத் தேட 'புராஜெக்ட் ஹூஸ்டன்' என்று ஒரு குழு அமைத்தார்கள். 2013இல் அந்தக் குழு மெக்ஆர்தரைக் கூப்பிட்டுப் பேசியது. காணாமல் போனவர்களோடு பழக்கம் உள்ளவன் என்று தெரிந்துதான் கூப்பிட்டார்கள், ஆனால் சாட்சியாக மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். 2014இல் குழுவையே மூடினார்கள். அதற்குப் பிறகு ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். ஐந்து பேர்.

2015இல் கொல்லப்பட்ட ஈரானியர், டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் மனைவியோடு வாழ்ந்தவர். மனைவி புகார் கொடுத்தார். அதை வில்லேஜ் வழக்குகளோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிற தகவலை ஒன்றாக்கத் தவறுவதைப் பற்றியும் எக்கர் 1980களிலேயே எழுதியிருக்கிறார், அவர் சொன்னது வேறு வேறு ஊர்ப் போலீஸ் பற்றி. இங்கே ஒரே போலீஸ்.

2016 ஜூனில் ஒருவர் அவசர எண்ணுக்கு அழைத்து, மெக்ஆர்தர் தன் கழுத்தை நெரித்தான் என்றே சொன்னார். உயிரோடு தப்பித்த சாட்சி! விசாரித்து, வழக்குப் போடாமல் விட்டார்கள். அதற்குப் பிறகும் குறைந்தது இரண்டு பேர் இறந்தார்கள்.

2017 ஜூனில் எட்டாமவர் காணாமல் போனபோதுதான் நிலைமை மாறியது. அவர் வெள்ளையர், அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த சமூகச் செயல்பாட்டாளர். நண்பர்கள் உடனே தேடத் தொடங்கினார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள், விடவில்லை. அவர் வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியில் 'புரூஸ்' என்று எழுதியிருந்தது. கேமராப் பதிவில் ஒரு சிவப்பு டாட்ஜ் கேரவன் தெரிந்தது. அந்த மாடல் வண்டியை வைத்திருப்பவர்களில் புரூஸ் யார் என்று பார்த்துப் போனார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்த வண்டியை மீட்டு, அதில் இறந்தவரின் டிஎன்ஏவைக் கண்டுபிடித்தார்கள். நல்ல துப்பறியும் வேலைதான், மறுக்கவில்லை. அந்த உழைப்பு மற்ற ஏழு பேருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம். கைதுக்குச் சில வாரம் முன்புகூட, தொடர் கொலையாளி இருப்பதாக ஆதாரம் காட்டவில்லை என்று போலீஸ் தலைவர் மார்க் சாண்டர்ஸ் பொதுவில் சொன்னார்.

2019 ஜனவரியில் எட்டுக் கொலைகளையும் மெக்ஆர்தர் ஒப்புக்கொண்டான். ஆயுள் தண்டனை. பரோலுக்கு விண்ணப்பிக்கவே 91 வயதாக வேண்டும்.

இது ஏதோ டொராண்டோவுக்கு மட்டும் நேர்ந்த கெட்ட நேரம் என்று நினைக்காதீர்கள். அதே கனடாவில் வான்கூவர். டவுன்டவுன் ஈஸ்ட்சைட் என்ற ஏழைப் பகுதியில் பெண்கள் காணாமல் போய்க்கொண்டே இருந்தார்கள், அவர்களில் பழங்குடிப் பெண்கள் அதிகம். 1997இல் ஒரு பெண் ராபர்ட் பிக்டன் என்ற பண்ணைக்காரனிடமிருந்து கத்திக்குத்தோடு தப்பித்தார், வழக்குப் போட்டு, அடுத்த வருடமே கைவிட்டார்கள். தொடர் கொலையாளி இருக்கலாம் என்று போலீசுக்குள்ளேயே இருந்த கிம் ராஸ்மோ எச்சரித்தார், மேலதிகாரிகள் கேட்கவில்லை. பிக்டன் 2002இல்தான் கைது. அவன் பண்ணையில் 33 பெண்களின் உடல் எச்சமோ டிஎன்ஏவோ கிடைத்தது. வாலி ஓப்பல் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2012 டிசம்பரில் வந்தது. அதாவது, ஹூஸ்டன் குழு தொடங்கிய அடுத்த மாதம். பாடம் அச்சில் வந்து மேசையில் கிடக்கும்போதே டொராண்டோவில் அதே தவறு நடந்துகொண்டிருந்தது.

[திரையில்: 2021, அறிக்கையின் முகப்பு]

டொராண்டோ பற்றி முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்டீன் 2021 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தார். 151 பரிந்துரைகள். விசாரணைகளில் அடிப்படைக் கோளாறுகள் இருந்தன, அமைப்பு ரீதியான பாகுபாடும் அதற்குக் காரணம் என்று எழுதினார். எனக்கு முக்கியமாகப் பட்டது, காணாமல் போனவர்களைத் தேடும் வேலை முழுவதையும் போலீஸ் கையிலேயே விடாமல், சமூக அமைப்புகளும் சீருடை போடாத பணியாளர்களும் அதில் பங்கெடுக்க வேண்டும் என்று அவர் சொன்ன இடம். அந்த ஐந்தாமவரின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். போலீசிடம் போக முடியாதவர்கள், பயமில்லாமல் தமிழில் பேசக்கூடிய ஒருவரிடம் போயிருப்பார்கள்.

கனடாவில் இருந்து இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒருவரைக் காணவில்லை என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை, அப்படி ஒரு விதியே கிடையாது. வழக்கமாகப் பேசுகிற ஆள் பேசவில்லை, வேலைக்கு வரவில்லை, போன் அணைந்தே கிடக்கிறது என்றால் அன்றைக்கே சொல்லலாம். உறவினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை, கூடத் தங்கியிருந்தவரோ உடன் வேலை பார்த்தவரோ போய்ச் சொன்னாலும் பதிவு செய்வார்கள்.