தட்டில் தெரியாதவை: பயணத்தில் தாவர உணவு

நேயர்களுக்கு வணக்கம்.

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பாலையும் வெண்ணெயையும் தேனையும் கூட விலக்கி, தாவரங்களிலிருந்து கிடைப்பவற்றை மட்டுமே உண்பவர்கள் வீட்டில் இருக்கும்வரை பெரிய சிரமம் எதையும் உணர்வதில்லை. பொருள் வாங்கும் கடை தெரியும், சமைப்பவரையும் தெரியும். வெளிநாடு சென்றதும் அந்த இரண்டு உறுதிகளும் இல்லாமல் போகின்றன. அப்போது சிலர் தங்கள் வழக்கத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் ரொட்டியும் பழமும் மட்டுமே தின்று அரைப்பசியோடு ஊர் சுற்றுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. எதைக் கேட்பது, எங்கே தேடுவது என்ற இரண்டும் தெரிந்திருந்தால், போகும் இடத்தின் சமையலையே நிறைவாக உண்டு வரலாம்.

முதலில், கேட்பது பற்றிச் சொல்கிறேன். தட்டில் கண்ணுக்குத் தெரியும் இறைச்சித் துண்டை விலக்குவது எளிது. விலங்குப் பொருள்கள் பெரும்பாலும் மறைந்திருப்பது, காய்கறி வெந்த சாற்றிலும், வதக்கிய கொழுப்பிலும், சுவைக்காகக் கடைசியில் ஊற்றும் சாஸிலும்தான். தாய்லாந்திலும் வியட்நாமிலும் கீரையை மட்டும் வதக்கித் தரும்போதுகூட அதில் மீன் சாஸ் சேர்ந்திருக்கக்கூடும். ஜப்பானில் மிசோ சூப், நூடுல்ஸ், அவித்த காய்கறி எனப் பலவற்றுக்கும் அடிப்படையான டாஷி என்னும் சாறு, பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனிலிருந்து எடுக்கப்படுகிறது. மெக்சிகோவில் மசித்த பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் தயாராகியிருக்கலாம். கொரியாவின் கிம்ச்சி பார்வைக்கு முட்டைக்கோஸ் ஊறுகாய்தான். ஆனால் அதைப் புளிக்கவைக்கும்போது உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ சேர்ப்பது வழக்கம்.

ஆகவே, “இதில் இறைச்சி இருக்கிறதா?” என்ற ஒற்றைக் கேள்வி போதாது. இல்லை என்று பதில் சொல்பவர் நம்மை ஏமாற்றுவதில்லை. மீனையோ எலும்புச் சாற்றையோ இறைச்சிக் கணக்கில் சேர்க்காத பழக்கத்தில் அவர் வளர்ந்திருக்கலாம். எந்தச் சாற்றில் வேகவைத்தீர்கள், எந்தக் கொழுப்பில் வதக்கினீர்கள், எந்தச் சாஸ் ஊற்றினீர்கள் என்று தனித்தனியாகக் கேட்பதே பயன் தரும். இந்தக் கேள்விகளையும், உண்ணாதவற்றின் பட்டியலையும், உண்பவற்றின் பட்டியலையும் அந்நாட்டு மொழியில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, அதைச் சமையலறைக்கே அனுப்பச் சொல்லலாம். உண்பவற்றையும் எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: விலக்குகளை மட்டும் படிக்கும் சமையற்காரர் கையைப் பிசைந்து நிற்பார்; பருப்பு, டோஃபு, காளான், சோறு, எண்ணெய் என்று கையிருப்பில் உள்ளவற்றைப் பார்த்ததும் அவருக்கே ஒரு யோசனை பிறந்துவிடும்.

அடுத்து, தேடுவது. வெளிநாடு செல்பவர்கள் இறைச்சியைப் போலவே செய்த போலிப் பண்டங்களை விற்கும் புதுவகை உணவகங்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவை பெருநகரங்களில் கிடைக்கும். சிற்றூர்களில் கிடைப்பது அரிது. அதைவிட, அந்த நாட்டில் நோன்பு நாள்களிலும் மடங்களிலும் மக்கள் காலங்காலமாக எதை உண்கிறார்கள் என்று கேட்பது நல்லது. எத்தியோப்பியாவின் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்திய நீண்ட நோன்பிலும் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றைத் தொடுவதில்லை. அந்நாள்களில் டெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இன்ஜெராவின்மேல், பருப்பும் கடலைமாவுக் குழம்பும் கீரையும் வரிசையாக வைத்துத் தருவார்கள். அதே பருப்பு மற்ற நாள்களில் மசாலா சேர்த்து உருக்கிய வெண்ணெயில் சமைக்கப்படக்கூடும் என்பதால், நோன்பு உணவு என்று கேட்டு வாங்க வேண்டும். கிரேக்கத்தின் நோன்பு உணவும் ஆலிவ் எண்ணெயில் வெந்த அவரையும் காய்கறியுமாக அருமையாக இருக்கும். ஆனால் அங்கே கணவாய், இறால் முதலியவற்றுக்கும் தேனுக்கும் நோன்பில் தடையில்லை. ஜப்பானின் ஜென் பௌத்த மடங்களில் வளர்ந்த ஷோஜின் சமையலில் மீனுக்குப் பதிலாகக் கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்தும் உலர்ந்த ஷிடாகே காளானிலிருந்தும் டாஷி எடுக்கிறார்கள்; அந்தச் சாற்றின் தெளிவான சுவைக்காகவே அந்நாட்டுக்குப் போகலாம் என்று எனக்குத் தோன்றும். தாய்லாந்தில் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் நடக்கும் தாவர உணவு விழாவின்போது, மஞ்சள் கொடி கட்டிய கடைகளை நம்பி நுழையலாம்.

விமானப் பயணத்தில் சிறப்பு உணவை நான்கெழுத்துக் குறியீடுகளால் பதிவு செய்கிறார்கள். பாலும் முட்டையும் இல்லாத உணவுக்கு வி.ஜி.எம்.எல். என்பதே குறியீடு. ஏ.வி.எம்.எல். என்னும் ஆசிய சைவ உணவில் பால்பொருள்கள் இருக்கலாம். எச்.என்.எம்.எல். என்னும் இந்து உணவு சைவ உணவே அன்று; அதில் கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ இருக்கக்கூடும். புறப்பாட்டுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பே பதிவு செய்வதோடு, விமானம் மாற்றப்பட்டால் பதிவு விடுபட்டுப் போகக்கூடும் என்பதை எண்ணி, ஒரு வேளைக்கான உணவைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வேர்க்கடலை வெண்ணெயைப் பல நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கருதுவார்கள். 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் எடுத்துவிடுவார்கள். மீந்த பழத்தையும் கொட்டைகளையும் இறங்கும் நாட்டுக்குள் கொண்டு செல்லும் முன் விதிகளைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கண்டிப்பானவை. அறிவிக்காமல் கொண்டுசென்றால் அபராதம் உண்டு.

கடைகளில் பொட்டல உணவு வாங்கும்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குப் பெரிதும் உதவுகிறது. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களை, சேர்மானப் பட்டியலில் எடுப்பாகத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. பால், முட்டை, மீன், இறால் வகைகள், சிப்பி வகைகள் ஆகியவை அவற்றில் அடங்கும் என்பதால், மொழி தெரியாதவரும் சில சொற்களை மட்டும் கற்றுக்கொண்டு பலவற்றைத் தள்ளிவிடலாம். ஆனால் பன்றிக் கொழுப்பும், விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் அந்த 14இல் இல்லை. அவற்றைப் பட்டியல் முழுவதையும் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில சேர்மானங்கள் பெயருக்குப் பதிலாக ‘இ’ என்ற எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீட்டாலும் குறிக்கப்படும். இ 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். இ 901 தேன்மெழுகு. இ 904 பூச்சி சுரக்கும் அரக்கு.

உடல்நலத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாவர உணவுக்காரர்கள் வழி தெரியாதபோது பச்சைக் காய்கறிக் கலவையையே நாடுகிறார்கள். குடிநீர் பாதுகாப்பில்லாத இடங்களில் மிகுந்த ஆபத்துள்ள உணவு அதுதான். கழுவிய நீரே நோயைக் கொண்டுவரும். ஆவி பறக்கச் சமைத்ததையும், நாமே தோலுரிக்கும் பழத்தையும் உண்பதே அங்கே பாதுகாப்பு. தாவர உணவில் போதிய அளவு கிடைக்காத பி12 வைட்டமினுக்காக மாத்திரை உட்கொள்பவர்கள் அதைப் பயணத்திலும் நிறுத்தக் கூடாது. வீட்டில் நாம் வாங்கும் சோயாப் பாலில் சேர்க்கப்பட்டிருக்கும் அந்தச் சத்து, வேறு நாட்டுச் சோயாப் பாலில் இல்லாதிருக்கலாம்.

பிறர் வீட்டில் விருந்தினராகத் தங்குவதே எல்லாவற்றிலும் கடினமானது. நமக்காக ஆசையோடு சமைத்துவைத்த பின் மறுப்பது அவர்களை வருத்தும். ஆகையால் அழைப்பை ஏற்கும்போதே நம் உணவுமுறையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வேளை நானும் உங்களோடு சேர்ந்து சமைக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலான வீடுகளில் மகிழ்ச்சியோடு அடுப்படியில் இடம் தருவார்கள். அவர்கள் வீட்டு மசாலாவில் நாம் ஒரு பருப்புக் குழம்பு வைத்தால், அன்று எல்லோரும் அதையே உண்ணலாம்.

நன்றி, வணக்கம்.