பெயர் தெரியாமலே நேசித்த இசைக்குழு

வணக்கம் நண்பர்களே. என் அலமாரியில் இருக்கும் பழைய கேசட்டுகளைச் சென்ற காணொளியில் காட்டியதிலிருந்து, எனக்குப் பிடித்த பேண்ட் எது என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பீட்டில்ஸ் என்றோ பிங்க் ஃபிளாய்ட் என்றோ சொல்லிவிடலாம்; கல்லூரி விடுதியில் இரண்டையும் விரும்பிக் கேட்டவன்தான் நான். ஆனால் பள்ளி நாட்களில் பிடித்துக்கொண்டு, தலை நரைத்த பின்னும் என்னை விடாமல் வைத்திருப்பது, எண்பதுகளில் இளையராஜாவுக்கு வாசித்த குழுதான்.

அதை எப்படி பேண்ட் என்று சொல்வது எனச் சிலர் சண்டைக்கு வருவீர்கள். இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் 1962இல் பதிவு செய்யத் தொடங்கிய பீட்டில்ஸ் 1970இல் பிரிந்துவிட்டார்கள். 1976இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கிய இளையராஜாவின் பயணத்தில் சதானந்தத்தின் கிட்டாரும் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் சசிதரனின் பேஸ் கிட்டாரும் விஜி மேனுவலின் கீபோர்டும் புருஷோத்தமனின் டிரம்ஸும் நெப்போலியனின் புல்லாங்குழலும் பல ஆண்டுகள் ஒன்றாக ஒலித்தன. ஒருவருடைய மூச்சு இன்னொருவருக்குப் பழகிப்போகும் அளவுக்குச் சேர்ந்து வாசித்தவர்களை வேறு எப்படி அழைப்பது? தவிர, ராஜாவே ஒரு குழுவிலிருந்து வந்தவர்தான். அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் நடத்திய குழுவில் ஊர் ஊராகப் போய் வாசித்த பிறகுதான் அவர் சென்னைக்கு வந்தார்.

என் வருத்தம் ஒன்றே ஒன்றுதான். லிவர்பூலிலிருந்து வந்த பீட்டில்ஸ் நால்வரில் டிரம்ஸ் வாசித்தவர் ரிங்கோ ஸ்டார் என்று எனக்குப் பதினெட்டு வயதிலேயே தெரியும். அதே வயதில், தினமும் கேட்ட தமிழ்ப் பாட்டின் பேஸ் கிட்டாரை வாசித்தவர் யார் என்று தெரியாது. கேசட் உறையில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர் என்று எல்லாம் இருக்கும். வாசித்தவர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். தெருமுனை ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வாங்கினாலோ, படத்தின் பெயர்கூட மிஞ்சாது.

பெயர் தெரியாவிட்டாலும் காது அவர்களைத் தேடிப் போய்விட்டது என்பதுதான் இதில் எனக்கு வியப்பு. பள்ளி நாட்களில் நான் கேட்டது பாலசுப்ரமணியத்தின் குரலையும் ஜானகியின் குரலையும் மட்டுமே. விடுதியில் ஒரு நண்பனின் ஹெட்போனைக் காதில் மாட்டிய இரவில், அதுவரை வீட்டு டேப்ரெக்கார்டரின் சின்ன ஒலிபெருக்கி தராமல் ஒளித்து வைத்திருந்த பேஸ் கிட்டார் முதன்முறையாகக் கேட்டது. அது தாளத்துக்குத் துணை போகாமல், பாடகரின் மெட்டுக்குக் கீழே தனக்கென்று இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போனது. அதன் பிறகு சில ஆண்டுகள் நான் பாட்டின் சொற்களைக் கவனித்ததாகவே நினைவில்லை. வேலைக்குப் போன பிறகு வயலின்கள் பக்கம் காது திரும்பியது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ராஜா தனித்தனியாக இசைக்குறிப்பு எழுதித் தருவார் என்பதும், பல தடங்களில் பிரித்துப் பதியும் வசதி பரவலாவதற்கு முன், எல்லோரும் பாடகரோடு ஒரே நேரத்தில் வாசிக்க, ஒருவர் தவறினால் அனைவரும் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது என்பதும் தெரிந்தபோது, அந்தப் பாடல்களில் இருக்கும் கூட்டு உயிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

அப்பா இறந்த ஆண்டில் சொற்கள் உள்ள எந்தப் பாட்டையும் என்னால் கேட்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களின் பேச்சே போதும் போதும் என்றாகியிருந்தது. அப்போது 1986இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசை மேதை யோகான் செபாஸ்டியன் பாக் அவர்களுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்த இசைத்தொகுப்பில் குரல் முன்னால் வந்து நிற்பதில்லை, வி. எஸ். நரசிம்மனின் வயலின்தான் பேசுகிறது. தனி வயலினுக்காக பாக் எழுதிய இ மேஜர் பார்ட்டிட்டா என்ற இசைத்தொடரின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் நம் ஊர் மெட்டு ஒன்று உட்காரும் இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. துக்கத்தைக் கரைத்துவிடும் என்றெல்லாம் சொல்லமாட்டேன். என்னிடம் எதையும் எதிர்பார்க்காமல் கூடவே இருந்தது, அவ்வளவுதான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஏ. ஆர். ரஹ்மானின் ஆல்பம் உறைகளில் கலைஞர்களின் பெயர்களைப் படிக்க முடிந்தது. 'பம்பாய்' படத்தின் புல்லாங்குழல் இசையை வாசித்தவர் நவீன் குமார் என்று பலருக்கும் தெரியும். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவிலோ, தென்மா, இசைவாணி, அறிவு என்று ஆளுக்கொரு முகமும் பெயரும் உண்டு. என் மகளின் தலைமுறைக்கு இது பெரிய விஷயமாகவே தோன்றுவதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

அடுத்த காணொளியிலிருந்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, அதை யார் வாசித்தார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பதிவுகளை மட்டும் உங்களோடு சேர்ந்து கேட்கப் போகிறேன். முதலில் பேஸ் கிட்டார். கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், ஹெட்போனோடு வாருங்கள்.