"புல் அப்"னு கத்தறது மூக்குல இருக்கற ரேடார் இல்லீங்க!

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைல ஆடிக்காத்து மைக்கையே பிச்சுட்டுப் போகுது, பொறுத்துக்குங்க. ஒரு ரீல்ஸ் சுத்திட்டு இருக்கு பாருங்க, "விமானத்து மூக்குல இருக்கற ரேடார் மலையைப் பாத்ததும் புல் அப்னு கத்தும்"னு. "புல் அப்"னா மூக்கை மேல தூக்குன்னு பைலட்டுக்குச் சொல்ற எச்சரிக்கை. எரிச்சலா வருதுங்க. அது மழை மேகம் பாக்கற ரேடார். தரை கிட்ட வந்தா கத்தற பெட்டியே வேற. அதைச் செஞ்சவர் டான் பேட்மேன், 1932ல கனடாவுல பொறந்த எலக்ட்ரிக்கல் எஞ்சினியர்.

1960கள் கடைசில அவர் பண்ணுன பெட்டி கீழ மட்டுந்தான் பாக்கும். விமானத்து வயித்துல இருக்கற ரேடியோ ஆல்டிமீட்டர், அதாவது ரேடியோ அலையைக் கீழ அனுப்பி உயரம் அளக்கற கருவி, தரை 2,500 அடிக்குள்ள வந்தா உயரம் சொல்லும். அந்த உயரம் எவ்வளவு வேகமா கொறையுது, சக்கரம் எறங்கிருச்சா, றெக்கைல இருக்கற ஃப்ளாப் மடிப்பு எறங்கிருச்சா, எல்லாஞ் சேத்துக் கணக்குப் போட்டு "சிங்க் ரேட்" (ரொம்ப வேகமா எறங்கறே), "டெரெய்ன்" (தரை கிட்ட வருது), "டூ லோ கியர்" (தாழ வந்துட்டே, சக்கரம் எறங்கலை)னு சொல்லும்.

சத்தத்தை அனுப்பி, அது பட்டுத் திரும்பற நேரத்தை வச்சுத் தூரம் அளக்கற நம்ம ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சார்லயே காட்டறேன்.

கம்பு நுனில கீழ பாக்கற மாதிரி கட்டி, காம்பவுண்ட் சுவரைப் பாத்து நடங்க. 100 சென்டிமீட்டர், 100, 100... கம்பு டங்குனு சுவர்ல இடிக்கற வரைக்கும் 100தான். புல்லு மேல பண்ணாதீங்க, சத்தத்தை உறிஞ்சிக்கும், நம்பர் குதிக்கும். ஆங், விட்டுட்டேனே! சென்சாரை ஓட்டறது ஈஎஸ்பி32ங்கற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுன்னா, சென்சார் பதில் அனுப்பற எக்கோ பின்னை நேராக் குத்தாதீங்க. வர்றது 5 வோல்ட், போர்டு தாங்கறது 3.3. எக்கோவுக்கும் போர்டுக்கும் நடுவுல 1 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், அதோட போர்டு பக்க முனைல இருந்து கிரவுண்டுக்கு 2 கே ரெசிஸ்டர்.

கம்பு இடிச்ச அந்தச் சுவர்தான் செங்குத்து மலை. 1995 டிசம்பர் 20, கொலம்பியாவுல காலிங்கற ஊர்ப் பக்கம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானம் மலைல மோதுச்சு. பழைய பெட்டி கத்துனப்ப சுமார் 12 விநாடிதான் மிச்சம். பைலட் மூக்கைத் தூக்குனாங்க, ஆனா வேகத்தைக் கொறைக்க றெக்கை மேல எழும்பற ஸ்பீட் பிரேக் தகடு விரிஞ்சே கெடந்துச்சு. 159 பேர் போயிட்டாங்க.

பின்ன, பெட்டியைக் கட்டாயமாக்குனதும் ஒரு விபத்துக்கு அப்புறந்தாங்க, இதை முதல்லயே சொல்லிருக்கணும். 1974 டிசம்பர்ல வாஷிங்டன் பக்கம் ஒரு போயிங் 727 விமானம் மலைல மோதி 92 பேர் செத்தாங்க.

முன்னாடி பாக்கறதுக்கு பேட்மேன் புதுசா ரேடார் எதுவும் வைக்கலை. உலகத்து நெலப்படத்தையே பெட்டிக்குள்ள ஏத்திட்டார்! சோவியத் உடைஞ்சப்புறம் அவங்க படங்களையும் வாங்கிப் போட்டாங்க. விமானம் இருக்கற எடத்தைப் படத்தோட ஒப்பிட்டு, சுமார் ஒரு நிமிஷம் முன்னாடியே எச்சரிக்கும். எனக்கு அவர் வேலைலயே புடிச்சது இதுதான்.

"அப்ப தரையிறங்கறப்ப ஏன் கத்தறதில்லை?"னு கமெண்ட்ல கேட்டீங்க. ஓடுபாதைக எங்கெங்க இருக்குதுன்னு பெட்டிக்குள்ள பட்டியலே இருக்கு. நம்ம கோழிக்கோடு ஏர்போர்ட் இருக்கற கரிப்பூர் மாதிரி மேட்டு மேல ஓடுபாதைன்னா, பள்ளத்தைத் தாண்டுனதும் ஆல்டிமீட்டர் நம்பர் சடார்னு கொறையும். கீழ மட்டும் பாக்கற பெட்டிக்கு அது மலை ஏறி வர்ற மாதிரியேதான் இருக்கும். பட்டியல் இருக்கறதால புதுப் பெட்டிக்கு அது ஓடுபாதைன்னு தெரியும்.