காட்டில் எத்தனை புலி? எப்படி எண்ணுகிறார்கள்?

[காட்சி: காய்ந்த ஓடை மணலில் ஒரு புலியின் கால்தடம். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இந்தத் தடத்தைப் பாருங்கள். நேற்று ராத்திரி ஒரு புலி இந்த வழியாகப் போயிருக்கிறது. போன வாரம் இதே ஓடையில் நடந்த புலிதானா இது, இல்லை வேறு ஒன்றா?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை சொன்னது ஒரு கண்ணாடித் தகடும் ஒரு பேனாவும்தான். தடத்துக்கு மேலே கண்ணாடியை வைத்து, அதன் ஓரத்தை வரைந்து, அந்தப் படத்தைக் காகிதத்தில் எடுத்துக் கோப்பில் சேர்ப்பார்கள். எத்தனை விதமான தடமோ அத்தனை புலி என்பது கணக்கு.

ஆனால் ஈர மண்ணில் அழுந்திய கால் அகலமாகத் தெரியும். புழுதியில் ஓரங்கள் சரிந்துவிடும். மெல்ல நடந்தால் ஒரு மாதிரி, பாய்ந்து போனால் வேறு மாதிரி. வரைகிற கை மாறினால் படமும் மாறும். இப்படி ஒரு புலி இரண்டு புலியாகிவிடும். அதைவிட மோசம், காட்டில் இல்லாத புலி கோப்பில் உயிரோடு இருக்கும்.

[காட்சி: ராஜஸ்தானின் அல்வர் மாவட்டம். வறண்ட மலைகள், இலையுதிர்ந்த மரங்கள்.]

இங்கே இருக்கும் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் அதுதான் நடந்தது. 2004இல் அங்கே பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாகப் பதிவேடு சொன்னது. 2005இல் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொன்று முடித்திருந்தார்கள். அத்தனை புலிகளும் போகும்வரை கணக்கு எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை. ஒரு காப்பகத்தில் நடக்கும் கண்காணிப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சரிஸ்காதான்.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகு தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையம் உருவானது. கணக்கெடுக்கும் முறையும் மாறியது.

[காட்சி: காட்டுப் பாதை. இரண்டு ஊழியர்கள் மரத்தில் கேமராவைக் கட்டுகிறார்கள்.]

இது தானியங்கி கேமரா. எதிரில் சூடான உடம்பு ஏதாவது நகர்ந்தால் தானாகப் படம் எடுக்கும். ஏறக்குறைய முழங்கால் உயரத்தில், பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கட்டுகிறார்கள். ஏன் இரண்டு? புலியின் வலப்பக்க வரிகளும் இடப்பக்க வரிகளும் ஒன்றுபோல இருக்காது. ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால், வலப்பக்கம் தெரிந்த புலியும் இடப்பக்கம் தெரிந்த புலியும் ஒன்றா, இரண்டா என்று சொல்ல முடியாது.

கட்டி முடித்ததும் முன்னால் இருக்கும் புல்லை வெட்டுகிறார் பாருங்கள். வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினால்கூட கேமரா படம் எடுத்துத் தள்ளும். அப்புறம் ஒருவர் கையையும் காலையும் ஊன்றி, புலி போலவே கேமராவுக்கு முன்னால் தவழ்ந்து போகிறார். படத்தில் உடம்பு முழுதாக விழுகிறதா என்று சோதிக்கிறார்கள். விழவில்லை என்றால் அவிழ்த்து, இறக்கி, மறுபடியும் கட்ட வேண்டும். யானை வந்து பிடுங்கி மிதித்துவிட்டுப் போனால் அதையும் மாற்ற வேண்டும். காடு முழுக்க, கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்த வேலை நடக்கிறது.

[காட்சி: கணினித் திரையில் இரண்டு புலிப் படங்கள். வரிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.]

மனிதர்களுக்குக் கைரேகை போலப் புலிக்கு வரிகள். ஒரு முறை பதிவான புலியைப் பல வருடம் கழித்தும் அடையாளம் காணலாம். எங்கோ ஒரு ஊரில் புலித்தோல் பிடிபட்டால், அதன் வரிகளை இந்தப் படத் தொகுப்போடு ஒப்பிட்டு, எந்தக் காட்டுப் புலி என்று கண்டுபிடித்த வழக்குகள் உண்டு.

சரி, கேமராவில் விழாத புலியை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? ஒரு சின்ன உதாரணம். முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுகின்றன. இரண்டாவது சுற்றில் 15. அந்த 15இல் 10 புலிகள் ஏற்கெனவே பார்த்தவை. அப்படியானால் முதல் சுற்றில் நாம் பார்த்தது மொத்தப் புலிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 20 என்பது மூன்றில் இரண்டு என்றால், மொத்தம் 30. இன்றைக்குப் பயன்படும் கணக்கு இதைவிட நுட்பமானது. எந்த இடத்தில் எந்தப் புலி விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளும். அடிப்படை இதுதான்.

அதனால்தான் விடை ஒற்றை எண்ணாக வராது. 2022 கணக்கெடுப்பில் நாட்டில் 3,167 முதல் 3,925 புலிகள் வரை இருக்கலாம், சராசரி 3,682 என்றார்கள். 2006இல் இந்தப் புதிய முறையில் முதலில் வந்த எண் 1,411. செய்திகளில் சராசரி மட்டும்தான் வருகிறது. அந்த இடைவெளியையும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

[காட்சி: விடியற்காலை. பனி விலகாத காட்டில் இரண்டு பேர் பேசாமல் நடக்கிறார்கள்.]

புலியை மட்டும் எண்ணினால் போதாது. ஒரு புலி வருடத்துக்கு 50 மான் அளவுக்கு இரை தின்னும். அப்படித் தின்றும் இரையின் எண்ணிக்கை குறையாமல் இருக்க, ஒரு புலிக்குச் சுமார் 500 விலங்குகள் காட்டில் இருக்க வேண்டும். அதனால் புள்ளிமான், கடமான், காட்டுமாடு, காட்டுப்பன்றி எல்லாவற்றையும் கணக்கெடுக்கிறார்கள்.

இவர்கள் நடப்பது இரண்டு கிலோமீட்டர் நேர்க்கோடு. டிரான்செக்ட் என்பார்கள். விலங்கைப் பார்த்ததும் நின்று, எத்தனை, எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்று குறிக்கிறார்கள். தூரம் எதற்கு என்றால், பக்கத்தில் நிற்கும் மான் கண்ணில் படும், எழுபது மீட்டர் தள்ளிப் புதருக்குப் பின்னால் நிற்பது படாது. தூரம் கூடக்கூடப் பார்வை எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், தவறவிட்டதைக் கணக்கில் சேர்க்கலாம். ஒன்றுமே பார்க்காத நாளில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுத வேண்டும். அந்த வெற்று வரியும் தகவல்தான்.

[காட்சி: முதுமலை. பாதையின் இரு பக்கமும் ஆளுயர உண்ணிச்செடி.]

மான் குறைந்தால் ஏன் என்று தேட வேண்டும். முதுமலையிலும் பக்கத்துப் பந்திப்பூரிலும் ஒரு காரணம் இதோ நிற்கிறது. உண்ணிச்செடி. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி இது. இது அடர்ந்த இடத்தில் அடியில் புல் முளைக்காது. மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்திலும் பறவைகள் விதையைக் கொண்டுவந்து போடும். ஆகவே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, புல் வந்ததா, உண்ணி வந்ததா என்று குறிக்கிறார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் செலவழித்த பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்றே தெரியாது.

[காட்சி: காவலர் கையில் கைபேசி. திரையில் அவர் நடந்த பாதை கோடாக நீள்கிறது.]

ரோந்தும் இப்போது பதிவாகிறது. வேட்டைத் தடுப்புக் காவலர் எங்கே நடந்தார், எங்கே கண்ணி பார்த்தார், எங்கே விட்டை பார்த்தார் என்பதெல்லாம் வரைபடத்தில் ஏறுகிறது. பொறுப்பான வனச்சரகர் அதில் முதலில் தேடுவது கோடே இல்லாத இடத்தைத்தான். யாரும் போகாத மூலையில்தான் கண்ணி இருக்கும். இத்தனைக்கும் அடியில் இருப்பது இந்தக் காவலரின் நடை. பலர் தற்காலிகப் பணியாளர்கள். நாடே பார்க்கும் அந்த எண்ணிக்கை இவர்கள் கால்களில்தான் நிற்கிறது.

[காட்சி: மறுபடியும் சரிஸ்கா. ஹெலிகாப்டர் நிழல் மலைமேல் ஓடுகிறது.]

சரிஸ்காவுக்கு என்ன ஆனது? 2008இல் ராஜஸ்தானிலேயே இருக்கும் ரண்தம்போர் காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஆட்கள் அலைந்தார்கள். அப்படியும் 2010இல், முதலில் கொண்டுவந்த ஆண் புலி விஷம் வைத்துக் கொல்லப்பட்டது. ஆனால் இந்த முறை அது உடனே தெரிந்தது. 2012இல், அங்கே கொண்டுவந்த ஒரு பெண் புலி, இரண்டு குட்டிகளோடு தென்பட்டது.