ஆசை தொற்றுவது வீட்டில்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, இந்த மே மாத வேலூர் வெயில் இறங்கிய பிறகும் அனல் அடங்காத மொட்டை மாடியில் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் சத்துவாச்சாரி மக்களே, வணக்கம். 'குழந்தைக்கு விளையாட்டின் மேல் ஆசை வருவது பெரிதும் வீட்டிலா, கோடைப் பயிற்சி முகாமிலா?' என்பது தலைப்பு. நான் வீட்டுக் கட்சி. இதுவரை பேசியவர்கள் கிரிக்கெட்டையும் பாட்மின்டனையும் பிழிந்து எடுத்துவிட்டார்கள், அதனால் நான் எங்கள் வீட்டு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். பேஸ்பால். சிரிங்க சிரிங்க, எங்கள் தெருவிலும் முதலில் சிரித்தார்கள்.

எங்கள் அக்கா நியூஜெர்சியில் நர்ஸ். ஒரு லீவுக்கு வந்தபோது ஒரு பந்து, இரண்டு கிளவுஸ், கூடவே நியூயார்க் மெட்ஸ் அணியின் மேல் இருந்த பைத்தியம், மூன்றையும் இறக்கிவிட்டுப் போனார். முதலில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிடித்தது. பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பக்கத்தில் இருந்ததால் தொற்றிக்கொண்டது. நியூயார்க்கில் ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இந்தக் கோடையில் நமக்கு விடியற்காலை நாலரை மணி. நாங்கள் இரண்டு பேரும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்போம், ஆறு மணி வாக்கில் பெரியவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவாள், அவள் பின்னாலேயே ஒன்றாவது படிக்கிற சின்னவன், அப்போது அஞ்சாவது ஆறாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். (இங்கே இன்னிங்ஸ் என்றால் இரண்டு அணியும் ஒவ்வொரு முறை மட்டை பிடிக்கிற ஒரு சுற்று.) யாரையும் நாங்கள் எழுப்புவதில்லை. ஹோம்வொர்க்குக்கு எழுப்பினால் எழுந்திருக்காத பிள்ளைகள் இவை என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேஸ்பாலில் ஒரு விசேஷம் உண்டு. பந்து பறக்கிற நேரத்தைவிடப் பறக்காத நேரம் அதிகம். பந்து போடுகிறவர் யோசிப்பார், தொப்பியைச் சரிசெய்வார், மட்டைக்காரர் மண்ணைக் காலால் தேய்ப்பார். ரொம்ப இழுக்கிறது என்றுதான் 2023ல் கடிகாரம் வைத்தார்கள். மட்டைக்காரர் அடித்துவிட்டு ஓடித் தொட வேண்டிய மூலைகளுக்குத்தான் பேஸ் என்று பெயர்; அந்தப் பேஸில் ஆள் இல்லை என்றால் 15 நொடிக்குள் பந்தைப் போட்டாக வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டம் இப்போது சுமார் இரண்டே முக்கால் மணிக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த 15 நொடி இருக்கிறதே, அதில்தான் என் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். ஏன் அவன் ஓடவில்லை, ஏன் இவன் அடிக்காமலே நடந்து போகிறான், மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் ஏன் முகத்தில் கம்பி போட்டிருக்கிறான். இருபது பிள்ளைக்கு ஒரு கோச் இருக்கிற முகாமில் இத்தனை கேள்விக்கு யார் பதில் சொல்வார்? 'லைன்ல நில்லு' என்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை அது.

எங்கள் ஆயாவும் காபி டம்ளரோடு வந்து உட்காருவார். "இன்னாடி இது, ஒருத்தனும் ஓடாம நின்னுகினே கீறானுங்க?" என்று கேட்டார் ஒருநாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் ஆரம்பித்தாள். அடிக்கக்கூடாத இடத்தில் நாலு பந்து போட்டால் மட்டைக்காரருக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும் ஆயா, அடிக்கிற மாதிரி வந்த பந்தை விட்டாலோ, வீசித் தவறினாலோ அது ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட் ஆயா, மூன்று பேர் அவுட் ஆனால் இவர்கள் முறை முடிந்தது ஆயா. ஆயா பாதி கேட்டார், பாதி தூங்கினார், அது வேறு. ஆனால் ஏழு வயசுப் பிள்ளை எழுபது வயசு ஆயாவுக்கு ஒரு விளையாட்டை விளக்கிச் சொல்கிறது பாருங்கள், அந்த இடத்தில் அது அவளுடைய விளையாட்டு ஆகிவிட்டது. எந்த முகாமில் ஆயாவைச் சேர்த்துக்கொள்வார்கள்?

அப்புறம் ஸ்கோர் எழுதுவது. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகைக்காரர் வளர்த்துவிட்ட முறை அது. களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒரு எண்: பந்து போடுகிற பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3 என்று போகும். 6-4-3 என்று எழுதினால், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் (6) பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரருக்கு (4) தட்ட, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் காலி என்று அர்த்தம். பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டு எழுதுவோம். ஸ்ட்ரைக்கில் அவுட் ஆனால் 'கே' எழுத்து. மட்டையை வீசாமல் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால், அதே 'கே'யைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி எழுத வேண்டும். என் சின்னவன் எல்லா எழுத்தையுமே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தான்! ஸ்கூலில் சிவப்புச் சுழி வாங்கித் தந்த எழுத்து வீட்டில் சரியான விடை ஆனதும் அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் டிவி பார்த்தால் போதுமா, கை கால் அசைய வேண்டாமா, கோச் இல்லாமல் தப்பாகப் பழகிவிட்டால்?" நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் ஒரு பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, நடுவில் இடுப்பளவு பிவிசி பைப் நட்டு, அதன் தலையில் பந்தை வைத்து அடிக்கிறார்கள். அமெரிக்காவிலும் நாலு வயசு அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான், டீ பால் என்று பெயர், யாரும் பந்து வீசுவதே கிடையாது. நிஜப் பந்தும் இல்லை, அது கார்க்கு, ரப்பர், கம்பளி நூல், மேலே தோல் என்று 140 கிராமுக்கு மேல் எடை, மூஞ்சியில் பட்டால் சி.எம்.சி.தான். ஸ்பான்ஜ் பந்து போதும். மைதானத்துக்குப் பஞ்சமா நமக்கு? தண்ணியில்லாத ஆறு என்று ஊரே நம்மைக் கிண்டல் செய்கிறதே, அந்தப் பாலாற்றில் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு நாலு செருப்பை நாலு மூலையில் போட்டால் பேஸ் தயார். (தண்ணீர் வருகிற காலத்தில் அந்தப் பக்கமே போகக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

தப்பாகப் பழகுவது பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலுக்கு லிட்டில் லீக் என்று 1939ல் தொடங்கிய அமைப்பு இருக்கிறது. ஏழெட்டு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு 50 பந்துக்கு மேல் வீசக்கூடாது என்று அங்கே விதி வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்தார்கள்? ஜெயிக்கிற வெறியில் பெரியவர்கள் பிள்ளையின் தோளைத் தேய்த்துவிடுகிறார்கள் என்றுதான். வீட்டில் அந்த விதியே தேவையில்லை, கை வலித்தால் பிள்ளை பந்தைப் போட்டுவிட்டு ஐஸ் கேட்கப் போய்விடும்.

எங்கள் மாமனார் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலையில் காலம் கழித்தவர். அக்கா தந்த நிஜப் பந்தை அவர் கையில் கொடுத்தால் போதும், இது மாட்டுத்தோல், இப்படிப் பதனிட்டிருப்பான், தையல் கையால் போட்டது என்று ஆரம்பித்துவிடுவார். அந்தச் சிவப்புத் தையல் 108 என்று சொன்னதும், கோயில் கணக்கு மாதிரி இருக்கே என்று தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பேஸ்பால் விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் கிளவுஸ் வார் அறுந்தால் பிள்ளைகள் ஓடுவது அவரிடம்தான்.

அடுத்து, எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சார் இச்சிரோ சுசூகியை இழுத்தார். 2004ல் ஒரே சீசனில் 262 ஹிட், அதாவது அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸைத் தொட்ட அடி, அடித்த ஜப்பான்காரர், ஆனால் சின்ன வயசில் அவர் அப்பா நாள் தவறாமல் கடுமையாகப் பழக்கினார், அது கசப்பாக இருந்தது என்று மகனே பின்னால் சொல்லியிருக்கிறார், பார்த்தீர்களா வீட்டின் லட்சணத்தை என்றார். சார், நீங்கள் எங்களுக்குத்தான் வக்கீல் வேலை பார்த்திருக்கிறீர்கள்! அந்த அப்பா வீட்டை முகாம் ஆக்கினார், பிள்ளைக்குக் கசந்தது. நான் கேட்கிறதும் அதுதான், வீடு வீடாக இருக்கட்டும். கென் கிரிஃபி என்று அப்பாவும் மகனும் ஒரே பெயரில் இருந்தார்கள். மகன் சின்னப் பிள்ளையாக அப்பாவின் அணி அறையில் சுற்றிக்கொண்டிருந்தவன். 1990ல் சியாட்டில் அணிக்கு 40 வயசு அப்பாவும் 20 வயசு மகனும் சேர்ந்தே ஆடி, ஒரே இன்னிங்ஸில் அப்பா ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடிக்க, அடுத்து வந்த மகனும் அடித்தார். அது ஆட்டக்காரர் வீடு, நம் வீடு அப்படியா என்பீர்கள். இல்லைதான். நான் ஹோம் ரன்னைக் கேட்கவில்லை, கூடவே சுற்றியதைச் சொல்கிறேன்.

எதிரணியில் உத்தரப்பிரதேசத்து ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்லை, இவர் வேறு), தினேஷ் படேல் இருவரையும் சொன்னார்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், பயிற்சி கொடுத்ததும் 2008ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணி ஒப்பந்தம் போட்டது. சரி, மறுக்கவில்லை. ஆனால் அது தோள் பலத்துக்குக் கிடைத்த வேலை. தலைப்பு வேலையைப் பற்றியது இல்லை, ஆசையைப் பற்றியது.

மெட்ஸ் அணி 1962ல் தன் முதல் சீசனிலேயே 120 ஆட்டம் தோற்ற அணி, இன்றைக்கும் எங்கள் காலை நேரத்தை அடிக்கடி கெடுக்கிறது. தோற்றால் பெரியவள் டிபனைத் தள்ளிவைப்பாள், என் வீட்டுக்காரர் அவளைவிட மோசம். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் என்பதால் பெரும்பாலும் மறுநாளே அடுத்தது வந்துவிடும். முகாமில் தோற்ற பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், அந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது நாம்தானே?

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து பேச வருகிற எதிரணி அம்மா முகாமின் பெருமையைத் தாராளமாகச் சொல்லட்டும். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்: உங்களுக்கு உயிரான விளையாட்டு எதுவோ, அதை முதன்முதலில் யார் மடியில் உட்கார்ந்து பார்த்தீர்கள், கோச் மடியிலா?